ஈரம் காயாத இரவுகள்: புல்தரைகளில் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்துவது எப்படி?

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தர்மசாலாவில் நடைபெறவிருந்த இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் போட்டி இந்தூருக்கு மாற்றப்பட்டது. கடுங்குளிரால் மைதானத்தில் புல் போதிய அடர்த்தியுடன் வளரவில்லை என்று இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் காரணம் தெரிவித்தது. சர்வதேச ஆட்டத்தையே இடம் மாற்ற வைக்கும் அளவுக்குப் புல்லின் நலம் முக்கியமானது. அங்கு தடையாக இருந்தது குளிர். சமவெளிகளிலுள்ள மைதானங்களும் பூங்காக்களும் அஞ்ச வேண்டியது, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இரவுகளில் பரவும் பூஞ்சை நோய்களை.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் பதிவுகளின்படி, 1901-க்குப் பிறகு நாட்டின் மிக வெப்பமான ஆண்டு 2024. அவ்வாண்டில் சராசரி அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 0.20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. குறைந்தபட்ச வெப்பநிலையோ 0.90 டிகிரி உயர்ந்தது. அதாவது, பகலைவிட இரவே அதிகம் சூடேறியது. புல்லின் நோய்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இலை நனைந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான பூஞ்சைகள் அதனுள் நுழைகின்றன. அந்த நேரத்தில் பெரும்பகுதி இரவாகவே உள்ளது.

உலகெங்கும் புல்தரைகளைத் தாக்கும் நோய்களில் முதன்மையானது 'டாலர் ஸ்பாட்'. நாணய அளவிலான வெளிறிய வட்டங்கள் தோன்றும். பனி படிந்த காலையில் அவற்றின்மீது சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகளைக் காணலாம். சுமார் 15 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பநிலை இதற்கு உகந்தது. தழைச்சத்துக் குறைந்த புல்லை இது எளிதில் பற்றும்.

'பிரவுன் பேட்ச்', 'பித்தியம்' ஆகியவை இதற்கு நேர்மாறானவை. இரவு வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் நீடிக்கும்போது இவை வேகமெடுக்கும். தழைச்சத்து மிகுந்து கொழுத்த புல்லையே நாடும். ஆகவே, நோயை அறியாமல் யூரியா தூவினால் ஒன்றைத் தணிக்கப்போய் மற்றொன்றை வளர்த்துவிட நேரும். மருந்திலும் இதே சிக்கல் உண்டு. பித்தியம் உண்மையில் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததன்று. பரவலாகப் பயன்படும் கார்பன்டாசிம் அதனிடம் பலிக்காது. மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்துகளே தேவை.

மருந்தைவிட மலிவான கருவி நேரம். வெயில் தணிந்தபின் மாலையில் நீர் பாய்ச்சுவது வீட்டுத் தோட்டங்களிலும் ஊறிப்போன பழக்கம். அது இலையை இரவு முழுவதும் நனைத்து வைக்கிறது. விடியலுக்குச் சற்று முன் பாய்ச்சினால், வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். காலையில் நீண்ட குழாயையோ கயிற்றையோ புல்மீது இழுத்துப் பனியை உதிர்ப்பது டாலர் ஸ்பாட்டைக் குறைக்கும். ஆனால், பித்தியம் தென்படும் தரையில் ஈரத்தோடு புல் வெட்டக் கூடாது. இயந்திரத்தின் சக்கரங்களே நோயைப் பரப்பிவிடும். மண்ணுக்கும் பசும்புல்லுக்கும் இடையே படியும் காய்ந்த தண்டுகளின் அடுக்கை அவ்வப்போது வாரி அகற்றுவதும், காற்றை மறைக்கும் கிளைகளைக் கழிப்பதும் அவசியம்.

நாள்காட்டியைப் பார்த்து மருந்து தெளிக்கும் முறையும் பொருந்தாமல் போகிறது. பருவம் முன்பின்னாக நகரும்போது நோயும் நகர்கிறது. அமெரிக்காவில் 2018-இல் வெளியிடப்பட்ட 'ஸ்மித்-கெர்ன்ஸ்' கணிப்பு முறை, முந்தைய ஐந்து நாள்களின் சராசரி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொண்டு டாலர் ஸ்பாட்டின் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. வாய்ப்பு 20 சதவீதத்தை எட்டும்போது தெளிப்பது அங்கு பரவலான வழக்கம். இந்திய மைதானங்களில் பெரிதும் வளர்க்கப்படும் அருகம்புல் வகைகளுக்கு அந்த வரம்பை அப்படியே ஏற்காமல், உள்ளூரில் சோதித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூஞ்சை எதிர்ப்புத்திறன் பெறும். கார்பன்டாசிம் அடங்கிய பென்சிமிடசோல் வகைக்கு டாலர் ஸ்பாட் அவ்வாறே பழகியிருக்கிறது. எனவே, செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஐயம் இருப்பின், தெளிப்பதற்கு முன்பே, நோயுற்ற புல்லும் நலமான புல்லும் சந்திக்கும் விளிம்பிலிருந்து வேர்மண்ணோடு ஒரு துண்டை வெட்டி எடுத்து, வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் காட்டலாம். முழுதும் காய்ந்த நடுப்பகுதியில் நோய்க்கிருமியைக் கண்டறிவது கடினம்.