காரில் ஏறிய சாட்சி



எங்கள் காரில் முன்னும் பின்னும் நானே கேமரா பொருத்தினேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "டீச்சர், இது இப்போ வந்த ஃபேஷன்தானே?" என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். ஃபேஷன் இல்லை அப்பா. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஓடும் வண்டியில் கேமரா வைக்கும் எண்ணம் சினிமாவின் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்டது. 1907 மே மாதம் வில்லியம் ஹார்பெக் என்பவர் கனடாவின் வான்கூவர் நகரில், டிராம் வண்டியின் முன்பக்கம் கையால் சுற்றும் கேமராவை வைத்துத் தெருக்களைப் படம் பிடித்தார். 1912இல் டைட்டானிக் கப்பலோடு போனவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் எடுத்தது மக்களுக்கு வேடிக்கை காட்ட. சாட்சி சொல்ல அல்ல.

சாட்சி வேலை அமெரிக்கப் போலீஸ் கார்களில் தொடங்கியது. 1980களில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் மீதான வழக்குகளுக்காகச் சில ஊர்களில் போலீஸ் காருக்குள் வீடியோ கேமராவை வைத்தார்கள். 1991 ஜனவரி 23 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் காரிசன் என்ற சிறிய ஊரில், டாரல் லன்ஸ்ஃபோர்ட் என்ற காவலர் ஒரு காரை நிறுத்திச் சோதனை போட்டார். அதில் வந்த மூன்று பேர் அவரைத் தாக்கிக் கொன்றுவிட்டார்கள். நடந்ததை அவருடைய காரில் இருந்த கேமரா பதிவு செய்திருந்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தந்ததில் அந்த டேப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு அதே கேமரா போலீசையும் கேள்வி கேட்கத் தொடங்கியது. நிறம் பார்த்து வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்ற புகார்கள் பெருகியதால், போலீஸ் கார்களில் கேமரா வைக்க அமெரிக்க அரசே பணம் கொடுத்தது. 2000இல் மாநில ரோந்துக் கார்களில் 11 சதவீதத்தில் இருந்த கேமரா, 2003க்குள் 72 சதவீதத்துக்கு வந்தது.

சாதாரண மக்கள் கைக்கு இது பெரிய அளவில் வந்தது ரஷ்யாவில். வேண்டுமென்றே வண்டி முன்னால் விழுந்து பணம் கேட்பவர்கள், லஞ்சம் எதிர்பார்க்கும் போலீஸ், பணம் தர மறுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் என்று அங்கே வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. 2009இல் அரசு தடைகளை நீக்கியதும் ஆளாளுக்குக் கேமரா மாட்டிக்கொண்டார்கள். 2013 பிப்ரவரி 15 காலையில் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்தது. அந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள். அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் கார் கேமராக்களில் அது பதிவானது. அந்தப் படங்களையும் தெருக் கேமராப் படங்களையும் வைத்துத்தான் விஞ்ஞானிகள் அது வந்த பாதையைக் கணக்கிட்டார்கள்.

எல்லா நாடுகளும் இதை வரவேற்கவில்லை. வழியில் போகிறவர்களை எந்நேரமும் படம் பிடிப்பது சரியா என்று ஜெர்மனியில் பெரிய வாதம் நடந்தது. 2018 மே 15இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொடர்ந்து பதிவு செய்வது தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றாலும் விபத்து வழக்கில் அந்தப் படத்தைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தம்பியின் கார் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த லாரி இடித்தது. "இவர்தான் ரிவர்ஸ் எடுத்தார்" என்று டிரைவர் சாதித்துவிட்டார். சுற்றி நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. நியாயம் இருந்தும் சாட்சி இல்லாமல் தம்பி கைப்பணத்தைச் செலவழித்தான். முன்னால் மட்டும் கேமரா இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். அதனால்தான் நான் பின்னாலும் வைத்தேன்.

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. பேரன் டார்ச் அடித்தான், நான் வேலையைப் பார்த்தேன். முன் கேமராவை உள் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுபவர் பார்வையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். வயரைக் கூரைத் துணியின் ஓரத்தில் செருகி, பக்கத் தூண் வழியாகக் கீழே இறக்க வேண்டும். அந்தத் தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது வயர் குறுக்கே நிற்கும். மின்சாரத்துக்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஒரு ஃபியூஸில் இணைப்பு எடுத்து, கருப்பு வயரை வண்டியின் இரும்பு போல்ட்டில் மாட்டினேன். ஏர்பேக், பிரேக் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. பின் கேமரா வயர் கூரை ஓரமாகவே போய், டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள் நுழைகிறது. நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரி உள்ள கேமரா உப்பிவிடும். கெபாசிட்டர் வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். மோதல் நடந்தால் அந்தத் துண்டு மட்டும் அழியாமல் பூட்டிக்கொள்ளும். ஆனாலும் விபத்து நடந்தால் முதலில் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழும் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் சுருங்கிப் போயிருக்கும், அதை நம்பி இருக்காதீர்கள். அடிபட்டுக் கிடப்பவரின் படத்தைக் குழுக்களில் போடவும் வேண்டாம். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கேமரா எதிரே வருபவரை மட்டும் பார்ப்பதில்லை. நாம் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் அதுவும் பதிவாகும். போலீஸ் மாட்டிய கேமரா போலீசையே கேள்வி கேட்டதைப் படித்தீர்கள் அல்லவா? நமக்கும் அதே கதைதான். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். தீர விசாரிக்க ஒரு சாட்சி வேண்டும். அது யார் பக்கமும் சாயாத சாட்சியாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை வண்டியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் நம் ஓட்டுதலைச் சரி செய்துகொள்வோம்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் பத்திரமாக வண்டி ஓட்டுங்கள், பிள்ளைகளே. 🙏