வஸ்வாஸ்: மன ஐயமும் நம் இமாம்களும்

அரபு மொழியில் 'வஸ்வாஸ்' என்னும் சொல் முதலில் மெல்லிய ஓசையைக் குறித்தது. பெண்கள் அணியும் நகைகள் அசையும்போது எழுகின்ற சிற்றொலியையும் பழைய அரபியர் அச்சொல்லாலேயே வழங்கினர். பின்னர் அது உள்ளத்தில் ஓதப்படும் இரகசியப் பேச்சுக்கு ஆயிற்று. திருமறையின் இறுதி அத்தியாயமாகிய 114ஆவது ஸூராவில் அதன் தீங்கினின்று இறைவனிடம் பாதுகாவல் தேடுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. தமிழ் முஸ்லிம்களாகிய நாமோ இச்சொல்லை இன்னும் குறுகிய பொருளில் ஆள்கிறோம். உளூச் செய்ய அமர்ந்தவர் எழுந்திராமலும், தக்பீர் கட்டியவர் மறுபடி மறுபடி கையை அவிழ்த்துக் கட்டியும் வருந்தினால், "அவருக்கு வஸ்வாஸ்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அப்பால் போகிறோம். நம் முன்னோரான அறிஞர் பெருமக்கள் இதனைச் சிரிப்புக்குரியதாகக் கொள்ளவில்லை. அதனை ஆராய்ந்தார்கள்; தனி நூல்களும் எழுதினார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே இத்துன்பம் இருந்தது. உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) அவர்கள் தம் தொழுகைக்கும் தமக்குமிடையே ஷைத்தான் புகுந்து குழப்புவதாக முறையிட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய ஈமானில் குறையும் காணவில்லை. பாதுகாவல் தேடும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவருடைய துன்பமும் அகன்றது. மற்றொரு நாள் பள்ளிவாயிலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. நின்று தொழுது களைத்தபோது பற்றிக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியதென அறிந்ததும், அதனை அவிழ்த்துவிடப் பணித்து, ஊக்கமுள்ள வரையில் நின்று தொழுமாறும், சோர்ந்தால் அமருமாறும் அறிவுறுத்தினார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்குள்ள உரிமையைப் போல உமது ஆன்மாவுக்கும் உம்மீது உரிமையுண்டு என ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததும், அதனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றதும் புகாரீயில் உள்ளன. தன்மீது தான் இரக்கம் கொள்ளுதல் என்று இக்காலத்தார் புதிதாகப் பேசுகின்ற பொருளுக்கு இந்த 'உரிமை' என்னும் சொல்லை விடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இரக்கம் காட்டாதிருக்க இடமுண்டு. உரிமையை மறுக்க இடமில்லையன்றோ!

இந்நோயை மருத்துவன் கண்கொண்டு நோக்கிய முன்னோடி அபூஸைத் அல்பல்கீ ஆவார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரத்தருகே ஒரு சிற்றூரில் ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில் பிறந்தவர், பக்தாத் சென்று தத்துவஞானி அல்கிந்தீயிடம் கற்றவர், ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) காலமானவர். பூகோள நூலாசிரியராகவே அவரைப் பலர் அறிவர். 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்', அதாவது உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலன் பயப்பவை என்னும் அவருடைய நூலோ நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே இஸ்தான்பூலின் அயாஸோஃபியா நூலகத் தொகுப்பில் கிடந்து, 1984இல்தான் ஃபிராங்ஃபர்ட்டில் நிழற்படிவமாக அச்சேறியது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என உள்ளத்து நோய்களை அவர் நான்காகப் பகுத்துள்ளார். வஸ்வாஸைத் துயரத்தோடும் அச்சத்தோடும் கலந்துவிடாமல் தனி நோயாக நிறுத்தியதே அவருடைய தனிச்சிறப்பு. அவர் வரைந்த குறிகள் இக்கால மனநல மருத்துவத்தின் குறிகளோடு எத்துணை ஒத்துள்ளன என்பதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை விரிவாகக் காட்டிற்று.

அவர் கூறும் பரிகாரங்கள் எளியவை. உடல் நோய்க்கென்று முன்னெச்சரிக்கையாக வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். கலக்கம் வந்த பின் தேடினால் கிட்டா. வஸ்வாஸ் உடையவர் தனிமையைத் தவிர்க்க வேண்டும். மனிதரோடு கலந்து பழக வேண்டும். அஞ்சப்படும் பொருள்களுட் பெரும்பாலானவை அஞ்சத்தக்கன அல்ல என்பதற்கு அவர் ஓர் உவமை சொல்கிறார். பாலைவனத்து மனிதன் ஒருவன் குளிர்ந்த நாட்டில் முதன்முதலாக மூடுபனியைக் கண்டு, கடக்கவொண்ணாத தடையென மலைத்து நிற்கிறான். உள்ளே அடியெடுத்து வைத்த பின்னர்தான் அது வெறும் ஈரக் காற்றென அறிகிறான். சவ்வாது மலையில் மார்கழி விடியலைக் கண்ட நம் பகுதியினர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

இனி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வருவோம். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரிற் பிறந்த அப்பெருமகனார், 484இல் (1091) பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமை ஆசிரியரானார்கள். முந்நூறு மாணவர் சூழ்ந்திருந்த காலம் அது. 'அல்முன்கித்' என்னும் நூலில் தம் உள்ளத்து நோய்களை அவர்களே மறைவின்றி எழுதியுள்ளார்கள். இளமையில், ஐயத்திற்குச் சிறிதும் இடமற்ற அறிவையே அறிவெனக் கொள்வேன் என்று புறப்பட்டதால், கண் காண்பதையும் அறிவு கூறுவதையும் நம்பமாட்டாமல் ஏறக்குறைய இரு மாதங்கள் வாடினார்கள். அதிலிருந்து மீண்டது வாதத்தினாலன்று, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினால் என்பது அவர்களின் வாக்குமூலம்.

பின்னர் பக்தாதில், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா எனத் தம் நிய்யத்தையே சோதிக்கத் தொடங்கினார்கள். காலையில் விட்டுவிடத் துணிவார்கள். மாலையில் அத்துணிவு தளரும். ஹிஜ்ரி 488 ரஜபில் (1095 ஜூலை) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் நா எழவில்லை. பாடம் சொல்ல இயலவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. இது உள்ளத்திற் பிறந்த நோய், உள்ளம் தணிந்தாலன்றித் தணியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அவ்வாண்டு துல்கஃதாவில் பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்றார்கள்.

தம் நெஞ்சை இத்துணைக் கடுமையாகச் சோதித்தவர்கள், வழிபாட்டின் வெளிச்செயலில் அதே கடுமை புகுவதை ஏற்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. 'இஹ்யா'வின் தூய்மைப் பகுதியில், முற்காலத்தார் சேற்றில் வெறுங்காலுடன் நடந்ததையும், விரிப்பின்றித் தரைமீதே தொழுததையும், கிறிஸ்தவப் பெண்ணொருத்தியின் பாத்திரத்து நீரில் உமர் (ரலி) அவர்கள் உளூச் செய்ததையும் எடுத்துக்காட்டி, மணப்பெண்ணை அலங்கரிப்பவளைப்போல் மேனியைத் தேய்ப்பதிலேயே பொழுது போக்குவோரை இடித்துரைக்கிறார்கள். நிய்யத்தின் சட்டத்திலும் இவ்வாறே. ஷாஃபியீ மத்ஹபில் நிய்யத்து தக்பீரோடு இணைந்திருத்தல் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் அம்மத்ஹபினரே. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஹனஃபீகளுக்கு இதில் இளக்கம் உண்டு. 'அல்லாஹு அக்பர்' என்பதன் ஒவ்வோர் எழுத்தோடும் நிய்யத்தைப் பொருத்த முயன்று திணறியோர் பலர். கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், அவர்களின் ஆசிரியரான இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களும், பொதுவழக்கில் இவர் கவனமற்றவரல்லர் எனக் கருதப்படும் அளவே போதுமென்றனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் அதனையே தேர்ந்தனர். இமாமுல் ஹரமைனின் தந்தையார் அபூமுஹம்மத் அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களோ, பேணுதல் எங்கே முடிகிறது, வஸ்வாஸ் எங்கே தொடங்குகிறது என வரையறுக்கவே 'தப்ஸிரா' என்றொரு நூல் இயற்றினார்கள்.

ஹன்பலீ மத்ஹபில் இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் நூலொன்றும் இப்பொருளில் உண்டு. இப்னு அகீல் (ரஹ்) அவர்களைப் பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. நீரில் பலமுறை மூழ்கியும் குளிப்பு நிறைவேறியதா என ஐயுறுவதாக ஒருவர் சொல்ல, "உமக்குத் தொழுகையே கடமையில்லை, பைத்தியத்தின் மீது கடமை ஏது!" என்ற கருத்தில் விடை கிடைத்ததாம். கேட்பதற்குச் சுவையாயிருக்கிறது. ஆயினும் நோயுற்றவனுக்கு அது மருந்தாகுமா? பல்கீயின் வழியே எனக்கு உவப்பானது.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்த ஆரணியில், பட்டுத்தறியின் ஓசை கேளாத தெருக்கள் சிலவே. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள், அறுவதும் உண்டு. அறுந்த இழையை முடிந்துவிட்டுத் தறிக்காரர் அடுத்த ஊடையைப் போடுகிறார். ஒரே விரற்கடையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்திருப்பவரிடமிருந்து சேலை இறங்காது. உறுதியானது ஐயத்தினால் நீங்காது என ஃபிக்ஹு கலையில் நாங்கள் பாடம் சொல்லும் விதியும் இதுவே. உளூ உண்டு என்பது உறுதி. முறிந்ததா என்பது ஐயம். எனவே உளூ உண்டு. ஓசையோ வாடையோ உணரும் வரையில் தொழுகையை விட்டு நீங்க வேண்டாமென்பது நபிமொழியின் கருத்து.

நம் இல்லங்களில் இதன் பளு பெரும்பாலும் பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் விழுகிறது. கைகள் வெளுத்துப் போகும்வரை கழுவும் மருமகளைத் 'தண்ணீர்ச் செலவு' என்று ஏசுகிறோம். ஓர் ஆயத்தில் தடுமாறியதற்காக முழு ஜுஸ்வையும் மறுபடி மறுபடி ஓதி உறக்கமிழக்கும் ஹிஃப்ழு மாணவனைப் பேணுதலுடையவன் எனப் புகழ்கிறோம். ஏச்சு, புகழ்ச்சி இரண்டுமே நோயை வளர்ப்பன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எழுதியதை அழித்தழித்து எழுதும் பிள்ளைக்கும் இது பொருந்தும். முதலில் பெரியவர் ஒருவர் அருகமர்ந்து, இவ்வளவு போதும் என்று சொல்லட்டும். அதிலும் தணியாவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். வேலூர்ப் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் படுக்கையருகிலும் மருத்துவர்கள் நின்றார்கள் என்பதை நாணுவோர் நினைவிற் கொள்வாராக.

அவ்விமாம் அவர்கள் டமாஸ்கஸிலிருந்து பைத்துல் முகத்தஸ் சென்று, ஹஜ்ஜும் நிறைவேற்றி, ஊர் திரும்பினார்கள். ஹிஜ்ரி 499இல் (1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி ஆண்டுகளில் தூஸில் தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாணவருக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கானகாஹும் அமைத்து, 505இல் (1111) மறையும்வரை கற்பித்துக்கொண்டிருந்தார்கள்.