பர்கூர் மொட்டை மாடிகளும் சூரியனும்

நம் பர்கூர்க்காரர்களுக்கு வெயில் புதிதல்ல. புளி காயவைத்தது, மிளகாய் உலர்த்தியது, வடகம் பிழிந்தது எல்லாம் இந்த வெயிலை நம்பித்தான். அதே வெயில் கரண்டாக மாறி நம் வீடுகளுக்குள் வந்தது இந்தப் பதினைந்து வருடக் கதை. கண்ணால் பார்த்த சரித்திரம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சூரிய மின்கலம் செய்தார்கள். விழும் வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. இன்றைய பலகைகள் 20 சதவீதத்தை ஒட்டித் தருகின்றன. நெடுங்காலம் அது செயற்கைக்கோளுக்குத்தான் கட்டுப்படியானது.

நம் பக்கத்து ஏழை வீடுகளுக்கு அது வந்தது அரசுத் திட்டத்தின் மூலம். 1991-ல் பர்கூரில் வென்று முதன்முறை முதல்வரானவர் ஜெயலலிதா. 1996-ல் இதே தொகுதி அவரைத் தோற்கடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2011-ல் மறுபடி முதல்வரானதும் பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தார். வருடத்துக்கு 60,000 வீடுகள். வீடு 300 சதுர அடி, செலவு 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள்.

அது கடும் மின்வெட்டுக் காலம். 2012-ல் ஜவுளிக்கடைகளில் ஜெனரேட்டர் ஓடும், வீடுகள் இருட்டில் கிடக்கும். அப்போது பக்கத்துக் கிராமத்தில் ஒரு பசுமை வீட்டில் மட்டும் விளக்கெரிய, தெருப்பிள்ளைகள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? பலகைக்கு ஆயுள் 25 வருடம். பேட்டரிக்கோ நாலைந்து வருடம்தான். அது ஓயும் நேரத்தில் மின்வெட்டும் குறைந்துவிட்டது. 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் வந்தது. நாலு விளக்கும் ஒரு ஃபேனும் உள்ள வீட்டுக்கு பில்லே வராது என்றானபின், கூலி வேலைக்குப் போகிறவர் ஆயிரக்கணக்கில் போட்டு பேட்டரி மாற்றுவாரா? நான் பார்த்த சில வீடுகளில் பலகை மேலே வெயில் காய்கிறது, ஒயர் கீழே தொங்குகிறது.

இப்போது அலை வேறு பக்கம் அடிக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்தால் போதும். ஏசி, மோட்டார், வாஷிங் மெஷின் என்று அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு நல்ல லாபம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, லைனில் கரண்டு போனால் பட்டப்பகலிலும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதல்லவா, அதற்காக. 2012-ல் இருட்டைப் போக்க சூரியனைத் தேடினோம், இன்று பில்லைக் குறைக்கத் தேடுகிறோம். இரண்டும் ஒரே இயந்திரமல்ல. வாங்குமுன் எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெயில் எல்லாருக்கும் பொது. சொந்த மாடியும் கையில் முதலும் அப்படியல்ல. வாடகை வீட்டுக்காரருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் இந்த மானியம் எட்டுவது கடினம். ஏழை வீட்டுக்கு இனி விளக்குக் கொடுப்பவர்கள் ஐந்தாம் வருடப் பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தத் திண்ணையில் வெளிச்சம் நிலைத்திருக்கும்.