சிங்கப்பூர் – இலண்டன்: தொலைவு ஒன்று, நேரம் பல



தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். சாங்கிக்கும் இலண்டன் ஹீத்ரோவுக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் பன்னிரண்டு மணி நேரம் போதும். ஆனால், இலண்டன் செல்ல ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் ஆகிறது. எதிர்க்காற்று இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை வரலாற்றில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

1934 டிசம்பரில் இலண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே வான்வழி அஞ்சல் சேவை தொடங்கியது. சிங்கப்பூர் வரை இம்பீரியல் ஏர்வேஸ், அதற்கப்பால் குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் என்பது ஏற்பாடு. 1935 ஏப்ரலில் பயணிகளும் முழுவழி செல்லலாயினர். பிரிஸ்பேனிலிருந்து இலண்டன் சேரப் பன்னிரண்டரை நாள்கள்; சிங்கப்பூரிலிருந்து ஒரு வாரத்திற்கும் மேல். நம் அலோர் ஸ்டார், பேங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பாக்தாத் என இறங்கி இறங்கிச் செல்ல வேண்டும். இரவில் விடுதியில் தங்க வேண்டும். இத்தாலியிலிருந்து பாரிஸ் வரை தொடர்வண்டிப் பயணம்!

அப்பாதையை வகுத்தது வானூர்தியின் ஆற்றல் மட்டுமன்று. பாரசீகக் கரையோரம் பறக்கும் அனுமதி முடிவுற்றதால், 1932-இல் பாதை வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. பாலைவனச் சிற்றூராயிருந்த ஷார்ஜாவில் வானூர்தி இறங்கியது அவ்வாறுதான்.

ஒலியை மிஞ்சும் வேகம் வந்த பின்னரும் இதே கதைதான். 1977 டிசம்பர் 9 அன்று, பிரிட்டிஷ் ஏர்வேசும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் கூட்டாக இலண்டன் – பஹ்ரேன் – சிங்கப்பூர் கான்கார்ட் சேவையைத் தொடங்கின. பயண நேரம் சுமார் ஒன்பது மணி. மூன்றே முறை சென்று திரும்பியபின் சேவை நின்றது. மலாக்கா நீரிணையின் மேல் ஒலிமிஞ்சு வேகத்தில் பறக்க மலேசியா இசையவில்லை. 1979 ஜனவரியில் மாற்றுப்பாதையில் மீண்டும் தொடங்கிய சேவை, போதிய பயணிகளின்றி 1980 நவம்பரில் முடிவுற்றது.

ஐரோப்பாவையும் நம் வட்டாரத்தையும் இணைக்கும் இவ்வான்வழியில் நாம் மறக்கவியலாத நாள் 2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரைனில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, 298 பேர் மாண்டனர். அன்று 32,000 அடிக்கு மேற்பட்ட வான்வெளி பயணிகள் வானூர்திகளுக்குத் திறந்தே இருந்தது. எம்எச்17 பறந்தது 33,000 அடியில். 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோதுதான் உக்ரைனின் வான்வெளி முழுவதும் அவற்றுக்கு மூடப்பட்டது.

ஆகவே, சுற்றிச் செல்லும் ஒரு மணி நேரத்தை வீண் என்று நான் எண்ணுவதில்லை. அது உயிர்களுக்காகக் கொடுக்கப்படும் விலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலக உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இணைத்து மாணவர்களையே அளக்கச் செய்யுங்கள். நூல் எந்தெந்த நாடுகளைக் கடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அவற்றுள் எந்த வான்வெளி எப்போது, எதனால் மூடப்பட்டது என்று தேடச் சொல்லுங்கள். கணிதமும் புவியியலும் வரலாறும் ஒரே பாடத்தில் அமையும். பெற்றோர்களும் இதனை வீட்டில் செய்து பார்க்கலாம்.