கால் மைலும் பதிவேடும்: கொழும்பிற் பாடசாலை அங்கீகாரம்

ஒரு பாடசாலையைப் பாடசாலையென ஏற்பவர் யாவர்? ஊராரா, அரசா? இலங்கையில் இவ்வினாவுக்கு நெடுங்காலம் விடை கூறியது உதவி நன்கொடைப் பதிவேடே எனலாம்.

1867 ஆம் ஆண்டு மோர்கன் குழு அளித்த அறிக்கையை அடியொற்றி, 1841 முதல் இயங்கிவந்த மத்திய பாடசாலை ஆணைக்குழு நீங்க, 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றிற்று. சமய போதனைக்கன்றி உலகியற் பாடங்களின் பெறுபேற்றுக்கே கொடை என்பது புதிய முறை. வித்தியாதரிசி வருவார்; மாணவரைத் தனித்தனியே வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் சோதிப்பார்; சித்தியடைந்தோர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். அன்று காய்ச்சலிற் கிடந்த பிள்ளையால் பாடசாலைக்கு நட்டமே!

விதி நடுநிலையானதாகத் தோன்றினும், அதனால் முதலிற் பயன் பெற்றோர் முன்னரே பாடசாலைகளை நிறுவியிருந்த மிசனரிமாரே. நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு 1870 வரை அரச உதவி கிட்டவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1890களில் வந்த கால் மைல் விதி இம்முந்துரிமையை மேலும் இறுக்கிற்று. இயங்கும் பாடசாலையொன்றிலிருந்து கால் மைலுக்குள் புதிதாய் எழும் பாடசாலைக்கு நன்கொடை இல்லை. கொட்டாஞ்சேனையை எண்ணிப் பார்க்க: புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865 இல் அங்கு தோன்றிவிட்டது, நல்லாயன் கன்னியர் மடத்தாரும் 1869 இல் வந்து சேர்ந்தனர். வீடுகள் நெருங்கிய அத்தகைய பகுதியிற் கால் மைல் என்பது சில தெருக்களே; ஆயினும் எத்தனையோ குடும்பங்கள் அதனுள் அடங்கும். பிந்தி வந்த சைவரும் பௌத்தரும் தத்தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைப்பதாயின் கைப்பணத்திலேயே நடத்தவேண்டும். பௌத்த பிரம்மஞான சங்கத்தார் இதனைக் கடுமையாய் எதிர்த்தமையில் வியப்பில்லை.

எதிர்ப்பின் நெடும்பயன் 1960 இல் வந்தது. அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமையை அரசிடம் ஒப்படைத்தது. 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் உடைமையையும் எடுத்துக்கொண்டது. இம்முறை கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவுபகலாய்க் காவலிருந்தனர். சட்டம் மிசனரியை மட்டும் தொடவில்லை. நாவலர் வழிவந்த சைவ முகாமைகளும் தம் பாடசாலைகளை இழந்தன. முந்தியவரின் சலுகையைக் களைய எழுந்த சட்டம் அச்சலுகை மறுக்கப்பட்டோரின் உழைப்பையும் உடன்கொண்டு போயிற்று.

முதலாந் தர, இரண்டாந் தரப் பாடசாலைகளுக்கு மாத்திரம் ஒரு வழி விடப்பட்டது: நன்கொடையுமின்றி, மாணவரிடம் கட்டணமுமின்றித் தனித்து நிற்கலாம். கொட்டாஞ்சேனையின் அவ்விரு கத்தோலிக்கக் கல்லூரிகளும் அவ்வழியைத் தெரிந்தன. வெள்ளவத்தைக்கு அயலிலே 1951 இல் எழுந்த பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியோ அரச பாடசாலையாயிற்று.