பாலையும் மலையும் கடந்த சக்கரம்

மிதிவண்டியேறி நாடு சுற்றுதல் இந்நாளில் பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆயின், நூறாண்டுகட்கு முன்னர் அஃது உயிரைப் பொருட்படுத்தாத துணிவுச் செயலாகும். மணல் கொதிக்கும் பாலையைக் கடந்து குளிர்ந்த மலைநாட்டில் ஏறிச் சென்றோருள் இந்தியரும் உளர். அவர்தம் வரலாற்றை ஆராயுங்கால், அதன் ஓரிழை மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வந்து சேர்வதைக் காணலாம்.

1884-இல் சான் பிரான்சிஸ்கோவினின்று புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார், பாரசீகம், இந்தியா, சீனம் ஆகிய நாடுகளின் வழியே 1886 டிசம்பரில் ஜப்பானின் யோக்கோஹாமாவை அடைந்தார். அவர் வண்டியின் முன்சக்கரம் மிகப் பெரிது. பின்சக்கரம் மிகச் சிறிது. இரண்டையும் சுற்றியிருந்தது காற்றில்லாத கெட்டி ரப்பர். ஆதலின் கல்லும் மேடும் தந்த அதிர்ச்சி முழுவதையும் அவர் உடம்பே தாங்கிற்று.

1888-இல் பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற பின்னர் இந்நிலை மாறியது. காற்று டயர் அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்ளும். முள் தைத்தாலும் ஒரு துண்டு ரப்பரை ஒட்டிக் காற்றடித்தால் பயணம் தொடரும். நெடும்பயணம் பலருக்கும் கைகூடியதற்கு இது பெருங் காரணமாகும்.

1923 அக்டோபர் 15-ஆம் நாள் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். பாக்தாதிலிருந்து அலெப்போ வரை பரந்துகிடந்த பாலையைக் கடும் வெயிலில் கடந்தனர். பின்னர் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையிலும் ஏறினர். அறுவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவரே பயணத்தை முடித்து, 1928 மார்ச் 18-ஆம் நாள் பம்பாய்க்கு மீண்டனர். அவர்கள் எழுதிய பயண நூலுக்கு ஜவகர்லால் நேரு முன்னுரை வழங்கினார்.

வங்காளியரான இராம்நாத் பிஸ்வாஸ் 1931 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியில் கிளம்பி, மலாயா வழியாகச் சயாம், சீனம் எனச் சென்றார். 1934-இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைநாட்டையும் ஈராக், சிரியா நாடுகளையும் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார்.

இனி, இவர்களைச் சுமந்த டயருக்குரிய ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். ஸ்டீவன்ஸ் காலத்தில் அது பெரும்பாலும் அமேசான் காட்டு மரங்களின் பால். மிதிவண்டி பெருகவே காட்டுப் பால் போதாதாயிற்று. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், டான் சே யான் என்பார் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிகத்திற்கென எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் இதுவே என்பர். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன்பின் மோட்டார் வண்டியும் பெருகவே, மலாயாவெங்கும் தோட்டங்கள் பரவின.

அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் பேர் கங்காணிகள் வழியே வந்தனர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின் மரம் வெட்டச் சென்றனர். வாளியில் சேர்த்த பாலை ஆலைக்குச் சுமந்தனர்; அங்கு அது உறைந்து, தகடாகிப் புகையில் உலர்ந்தது. பல தோட்டத்துத் தகடுகள் ஒன்றாய்க் கலந்து கப்பலேறின. ஆகவே, பாலைவனத்தில் உருண்ட டயர் எத்தோட்டத்துப் பாலால் ஆனது என்று எவரும் பிரித்துச் சொல்ல இயலாது.

இங்கு ஆசிரியர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிஸ்வாஸ் தம் விருப்பத்தால் உலகம் காணப் புறப்பட்ட 1931-ஆம் ஆண்டில், பெருமந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்து கிடந்தது. வேலையிழந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களும் கடல் கடந்தவர்களே. எனினும், எப்போது வருவது, எப்போது போவது என்பதைச் சந்தை விலையே முடிவு செய்தது. வண்டியோட்டியவர் பெயர் நூலில் நின்றது. மரம் வெட்டியவர் பெயரோ தோட்டத்துச் செக்ரோல் ஏட்டோடு மறைந்தது.

மலாக்காவின் ரப்பர்க் காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பால் வெட்டிய தலைமுறையும் அருகி வருகிறது. அம்முதியோர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம் ஆகியவற்றை மாணவரைக் கொண்டே எழுதிவைத்தல் தமிழ்ப்பள்ளிகள் செய்யக்கூடிய வரலாற்றுப் பணியாகும். உலகம் சுற்றியோர் கதையைச் சொல்லும் வகுப்பில் இவர்கள் கதையும் இடம்பெறுதல் வேண்டும்.