‘பே’ முதல் காத்துக்கருப்பு வரை

என் அக்கா மகனுக்கு வீடு ஆரப்பாளையத்தில். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் அவனும் அவனோடு படித்த நான்கு பேரும் மாடி அறையில் கூடிவிடுவார்கள். பாயின் நடுவே கட்டம் போட்ட தாள், நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகள், ஒரு தட்டு காராச்சேவு. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, ‘கதவைத் திறக்கிறேன்’, ‘கிணற்றை எட்டிப் பார்க்கிறேன்’ என்பார்கள். திறந்ததா, எட்டிப் பார்த்தவன் விழுந்தானா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியில் வந்த விளையாட்டு இது. வாளும் மந்திரமுமாக ஓடிக்கொண்டிருந்த கதையைத் திகில் பக்கம் திருப்ப வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. கதை சொல்கிறவன் அவன்தான்.

“மாமா, பயங்கரமா ஒரு பேய்ப் பேரு சொல்லுங்க. ஆவின்னா சப்புன்னு இருக்கு. பிசாசுன்னா திட்டுற மாதிரி இருக்கு. பேய்னு ஆரம்பிச்சாலே காஞ்சனா படத்தை நெனச்சுக்கிட்டுச் சிரிக்கிறாய்ங்க” என்றான்.

அவன் கேட்டது ஒரு பெயர். நான் தேடப் போனது அந்தச் சிரிப்பின் காரணத்தை. அச்சம் தர வேண்டிய சொல் எப்போது சிரிப்பு மூட்டத் தொடங்கியது?

‘பேய்’ என்ற சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் முடிவில் ஒற்றை எழுத்துச் சொல் ஒன்றில் போய் நிற்கலாம். தொல்காப்பியர் உரியியலில் அச்சத்தைக் குறிக்கும் சொற்களாக மூன்றைச் சொல்கிறார்: பே, நாம், உரும். இவற்றுள் ‘நாம்’ என்பது ‘நாமநீர்’ என்று கடலைச் சொல்லும் தொடரில் ஒட்டிக்கொண்டு பழைய நூல்களோடு நின்றுவிட்டது. ‘உரும்’ இடியைக் குறித்து, அதுவும் வழக்கொழிந்தது. ‘பே’ மட்டும் உடம்பு எடுத்தது, பேய் ஆனது. சங்கப் பாட்டில் அளபெடுத்துப் ‘பேஎய்’ என்று வரும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நடுவில் குரல் இழுபடும்.

ஆகவே பேய் என்பது முதலில் ஓர் உருவத்துக்கு வைத்த பெயர் அல்ல. அச்சத்துக்கு வைத்த பெயர்தான் பிறகு உருவத்துக்குப் போனது. ஆங்கிலத்தின் ‘ஹாரர்’ கூட இப்படித்தான். அதன் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்தல் என்று பொருள். எதைக் கண்டு சிலிர்த்தது என்பது சொல்லில் இல்லை, சிலிர்ப்பு மட்டுமே இருக்கிறது.

உருவம் வந்த கதை சுவையானது. மதுரை நக்கீரர் பாடியதாகச் சொல்லப்படும் திருமுருகாற்றுப்படையில் ஒரு பேய்மகள் வருகிறாள். காய்ந்து பரட்டையான கூந்தல், வரிசை தப்பிய பற்கள், அகன்ற வாய், சுழலும் விழி. இவ்வளவும் யாரும் எழுதக்கூடியவை. அடுத்து வருவதைப் பாருங்கள்: அவள் காதில் குழைக்குப் பதிலாக ஆந்தையும் பாம்பும் தொங்குகின்றன. அலங்காரம் செய்துகொண்ட பேய்! பரட்டைத் தலையை விட இந்தக் காதணிதான் நெஞ்சைப் பிசைகிறது. பேய்மகள் இளவெயினி என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். புறநானூற்றில் அவர் பாட்டு உண்டு.

எல்லாப் பேயும் கெடுதல் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் காஞ்சித் திணையில் ‘பேய்ப்பக்கம்’ என்று ஒரு துறை இருக்கிறது. போர்க்களத்தில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒருவன், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவன் அருகே இருந்து இரவெல்லாம் காப்பது ஒரு பேய். இன்னொரு பக்கம், புண்பட்டவனைப் பேய் தொடாமல் இருக்க வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவிக் காவல் இருக்கும் பெண்களைப் புறநானூறு காட்டுகிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் இன்றும் வேப்பிலை தொங்குகிறது. கடுகும் மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவதை மதுரையில் பார்க்காத தெரு இல்லை.

உருவம் கிடைத்ததும் பேய்க்குப் பசியும் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார், பட்டினி கிடந்து வயிறு ஒட்டிய பேய்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து போர்க்களத்தில் கூழ் சமைக்க வைத்தார். எவ்வளவு கொடூரமான சமையல்! ஆனாலும் படிக்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். பந்தியில் இடம் பிடிக்கும் சொந்தக்காரர்கள்போல அவை அடித்துக்கொள்கின்றன. காஞ்சனாவுக்குச் சிரிக்கும் பையன்களின் சிரிப்பு புதிதல்ல. அதற்கு வயது தொள்ளாயிரம்.

பரணிக்கும் முன்பே பக்தி இந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. காரைக்கால் அம்மையார் தம் பதிகத்தில் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். திருமால் மீது பித்தாகி நின்றவர் பேயாழ்வார் ஆனார். இங்கே பேய் என்றால் பித்து. மலையாளத்தில் வெறிநாய்க்குப் ‘பேப்பட்டி’ என்று பெயர். நாமும் கிறுக்கனைப் ‘பேயன்’ என்கிறோம். அச்சம் தருவதைக் குறித்த சொல் இப்படித் தன்னிலை இழந்தவரையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

வேறொரு கிளை தோட்டத்துக்குள் போனது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கரும்பு. சுரைக்காய் மாதிரியே இருக்கும். வாயில் வைத்தால் கசக்கும். கரும்பு மாதிரியே நிற்கும். கடித்தால் இனிப்பு இல்லை. கானல்நீருக்குப் ‘பேய்த்தேர்’ என்று ஒரு பெயர். தேர் ஓடுவதுபோல் தெரியும், அருகே போனால் எதுவும் இருக்காது. எதுபோலத் தோன்றுகிறதோ அதுவாக இல்லாதது பேய் என்று உழவர்கள் சொல்லாமல் சொல்லி வைத்திருக்கிறார்கள். திகில் கதைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எங்கே கிடைக்கும்? கொம்பும் கோரைப்பல்லும் வைத்த பூதத்தை விட, அம்மா மாதிரியே இருந்து அம்மா அல்லாத ஒருத்தி அடுப்படியில் நின்றால்தான் குலை நடுங்கும்.

மற்றபடி பேய்மழை, பேய்க்காற்று, பேயடி, பேய்த்தூக்கம் என்று அளவு மிஞ்சிய எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் முன்னொட்டாகிவிட்டது. பேயாய் உழைக்கிறான் என்கிறோம். இத்தனை வேலை பார்த்த சொல்லில் அச்சம் எப்படி மிஞ்சும்?

ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பயம் போய்விடவில்லை. சொல் தேய்ந்ததும் அவர்கள் வேறு சொல் பார்த்துக்கொண்டார்கள். ஆரப்பாளையத்தில் நின்று வடக்கே பார்த்தால் வைகை. ஆற்றைத் தாண்டினால் தத்தனேரி, மதுரையின் பெரிய சுடுகாடு. அந்தப் பக்கம் போய்விட்டு இருட்டி வீடு திரும்பும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எங்கள் பாட்டிமார் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். “காத்துக்கருப்பு அண்டியிருக்கும்” என்பார்கள். காற்று, கருப்பு. ஒன்றைப் பிடிக்க முடியாது, மற்றதற்குள் எதையும் பார்க்க முடியாது. இரண்டுக்கும் முகம் இல்லை. அதையும் சொல்லத் தயங்கும் இடத்தில் வெறும் ‘அது’. “அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதப்பா, அது நடமாட்டம் இருக்கு.” இரண்டாயிரம் ஆண்டு சுற்றிவிட்டு, தொல்காப்பியர் ‘பே’ என்று குறித்த அதே உருவமில்லாத இடத்துக்குத் தமிழ் திரும்பி வந்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தைப் பேயோட்டும் கோடாங்கியிடம் கண்டேன். எனக்குப் பத்து வயதிருக்கும். மதுரைக்கு வெளியே ஒரு கிராமத்தில், எங்கள் தூரத்துச் சொந்தமான பெண் ஒருத்திக்குக் கோடாங்கி பார்த்தார்கள். உடுக்கு அடிக்க அடிக்க அவள் தலைவிரித்து ஆடினாள். கூட்டம் பின்வாங்கியது. கோடாங்கி கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி: யார் நீ, எந்த ஊர், என்ன வேணும்? வெகுநேரம் உறுமல்தான் பதில். பிறகு ஒரு பெயர் வந்தது. முந்தின வருசம் கிணற்றில் விழுந்து செத்த பெண்ணின் பெயர். அந்தக் கணம் கூட்டத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. பயம் சட்டென்று வடிந்தது. ‘அடிப்பாவி, நீயாடி’ என்று ஒரு கிழவி அழுதே விட்டாள். சேலையும் ஒரு முழம் மல்லிகையும் கேட்டதாம் அது, கொடுத்தார்கள். உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். பெயர் தெரிந்தபின் அது பேய் இல்லை, வாழாமல் போன ஒரு பெண்.

மருமகனிடம் நான் போய்ச் சொன்னது இதுதான்: கோடாங்கி செய்வதைத் திருப்பிச் செய், கோடாங்கி பெயரை வரவழைக்கிறான், நீ கடைசிவரை பெயரை ஒளித்து வை. அவன் ஆடும் விளையாட்டின் வரலாறும் இதற்குச் சாட்சி. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் நம் ராட்சசனுக்கும் இடம் கிடைத்தது. புலித்தலை, கையில் புகைக்குழாய் என்று படம் போட்டு, எத்தனை அடி தாங்குவான் என்று கணக்கும் எழுதிவிட்டார்கள். கணக்கு தெரிந்த அரக்கனை வெட்டத்தான் தோன்றும், அஞ்சத் தோன்றாது. 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுல்ஹு’ இதைப் புரிந்துகொண்டது. காணக்கூடாததைக் காணக்காண அங்கே உடம்புக்கு முன் புத்தி தேயும். அதற்கென்றே தனிப் புள்ளிகள்.

களமும் கையிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் மிக நீண்டது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. அதில் நள்ளிரவு மதுரையைப் படியுங்கள். பேயும் அணங்கும் உருவெடுத்துக் ‘கழுது’ என்ற பேய்வகையோடு சுற்றுகின்றன. நீலக் கச்சை கட்டி, நிலத்தைத் தோண்டும் உளியும் இடுப்பில் சுற்றிய நூலேணியுமாகக் கள்வர் பதுங்குகிறார்கள். யானையைக் குறிவைத்த புலிபோல ஊர்க்காவலர் அவர்களைத் தேடுகிறார்கள். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஒரே இரவில், ஒரே தெருவில் நான்கையும் கொண்டுவரலாம். நூலேணியைக் கேட்டதும் மருமகன் துள்ளினான்: “மாமா, இது அப்படியே நம்ம விளையாட்டுல வர்ற கள்ளன்!” அவர்கள் விளையாட்டில் கள்வன் என்ற வகை சேர்ந்தது 1975-இல்தான்.

அடுத்த ஞாயிறு நானும் பாயில் உட்கார்ந்தேன். மருமகன் சொல்லும் கதையில், கோட்டை வாசலில் ஒரு பாட்டி புட்டு விற்கிறாள். ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்காரப் பையன்களுக்குப் புட்டு விற்கும் பாட்டி என்றால், சிவனுக்குப் புட்டு கொடுத்த வந்திதான். திருவிளையாடல் கேட்டு வளர்ந்தவர்கள், நம்பி வாங்கினார்கள். இலையைப் பிரித்தால் மாவு சூடாக இருக்கிறது. அவள் அடுப்பில் மட்டும் நெருப்பே இல்லை. மருமகன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காராச்சேவை யாரும் தொடவில்லை. நான்கு மணி நேரத்தில் பேய் என்ற சொல் ஒரு தடவை கூட அவன் வாயில் வரவில்லை, ஒருவனும் சிரிக்கவில்லை.

அகராதியில் கழுது, கூளி, அலகை, குறளி என்று பேய்க்கு எத்தனையோ பெயர்கள் உறங்குகின்றன. ஆனால் இருட்டியபின் வீடுகளில் புழங்கும் பெயர்கள் பலவும் அங்கே ஏறவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: விளக்கு வைத்தபின் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றார்கள், அதற்குப் பதில் என்ன சொன்னார்கள்? ஊர் பெயரோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேட்பதைப் பகலில் கேளுங்கள். இரவில் அவர்கள் சொல்லமாட்டார்கள்.